பூனையின் தாகம் மணலில் தெரியும்

கரைவலை கரையேறும் நேரத்தில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் சூடை மீனுக்காகச் சுற்றி நிற்கும் பூனைகள் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது அரிது. அவற்றுக்குத் தண்ணீரும் மீனிலேயே கிடைத்துவிடுகிறது. பச்சை மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். ஏ.வி.வுல்ஃப் குழுவினர் 1959இல் வெளியிட்ட ஆய்வுகளில், மீனை மட்டும் தின்று தண்ணீரே குடிக்காமல் பூனையால் தாக்குப்பிடிக்க முடிந்தது. கடல்நீரைக் கொடுத்தபோதும் சமாளித்தது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆபிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. சிறுநீரைச் சுண்ட வைத்து நீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அங்கிருந்து வந்த சொத்து.

அதனால்தான் பூனை தாகத்தை இலேசில் காட்டிக்கொள்வதில்லை. பக்கற்றில் வரும் உலர் உணவில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இருக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதை மட்டும் தின்னும் பூனை, குறைகிற நீரை முழுதாகக் குடித்து ஈடுசெய்வதில்லை.

முரசை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடல் எடையில் ஐந்து வீதமாவது நீராகப் போயிருக்கக்கூடும். நாலு கிலோ பூனைக்கு அது 200 மில்லிலீற்றர். கிழட்டுப் பூனையின் தோல் எப்படியும் தொய்ந்திருக்கும், கொழுத்த பூனையில் குறை தெரியாது. ஆகவே முரசையே நம்புங்கள்.

பூனை தோண்டி மூடிய மணலையும் கவனிக்க வேண்டும். ஈரக்கட்டி வழமையைவிடப் பெரிதாகி, தண்ணீர்ப் பாத்திரமும் அடிக்கடி காலியானால், “நல்லாக் குடிக்குது” என்று சந்தோஷப்படாதீர்கள். சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம்: அதன் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகே சிறுநீரைச் சுண்ட வைக்கும் திறன் போகிறது. நீரிழிவிலும் சிறுநீர் இப்படிப் பெருகும். குடித்தது அத்தனையும் வெளியேற, உடல் உள்ளே காய்கிறது.

இதைவிட அவசரமானது கடுவன் பூனையின் சிறுநீர் அடைப்பு. திரும்பத் திரும்ப மணலில் குந்தி முக்கும், கத்தும், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் மணல் நனையாது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிறவர்கள் உண்டு. ஆணின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. பொடிக்கற்களோ சளிபோன்ற கட்டியோ அதை அடைத்துவிடும். வெளியேறாத பொற்றாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளிலேயே பூனை செத்துப்போகக்கூடும். வாந்தி தொடங்கிவிட்டால் நேரம் இன்னும் குறைவு. வயிற்றை அமுக்காதீர்கள். நோவுக்கென்று பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். மிருக வைத்தியர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதைத்தான்.

பூனையை அடைத்துவைத்து உணவும் தண்ணீரும் கொடுக்காத பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கொடுப்பதென்பது பாத்திரத்தை நிரப்பி வைப்பதோடு முடிவதில்லை. உலர் உணவோடு தண்ணீரைக் கலந்து கொடுக்கலாம். உப்பில்லாமல் அவித்த மீனை அந்தத் தண்ணீரோடேயே வைக்கலாம். ஆணத்து மீன் மட்டும் வேண்டாம்: வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.