ஒரு தாள் தடுக்கும் எண்ணெய்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் செருப்பின்றி நடப்பவர்கள் ஏராளம். அந்த ஊரின் தெரு ஓரத்தில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் இரவு முழுவதும் நின்றிருந்தால், காலையில் அதன் அடியில் கறுப்பாக ஓர் எண்ணெய் வட்டம் தெரியும். “புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும்” என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சுமார் 20 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளில் 1,440 துளிகள். அதாவது 72 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் 2 லிட்டருக்கு மேல்! பழைய புல்லட் எஞ்சினில் உள்ள மொத்த மசகு எண்ணெயே ஏறத்தாழ அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்தால் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும். கடைசியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். வழுக்கும் சாலையில் வெறுங்காலோடு நடப்பவர் பாடு தனி.

1955-ஆம் ஆண்டு சென்னையில் ‘என்ஃபீல்டு இந்தியா’ தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்த வார்ப்பிரும்பு உருளை எஞ்சின், ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரிய மாற்றமின்றி வந்தது. அதன் வலப்பக்கம் பளபளவென்று இருக்கும் அலுமினிய மூடிதான் ‘டைமிங் கவர்’.

மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கிராங்க் தண்டின் முனையில் ஒரு சிறிய பற்சக்கரம். அது கேம் சக்கரங்களைச் சுழற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றவேண்டும். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த ஒழுங்கு ஒரு பல் பிசகினாலும் கெட்டுவிடும் என்பதால்தான் சக்கரங்களில் புள்ளிக் குறி இட்டிருக்கிறார்கள். இந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பும் மூடியிலேயே அமைந்திருப்பது ஒரு விசேஷம்.

இரண்டு வழவழப்பான உலோக முகங்களைச் சேர்த்து இறுக்கினால் போதாதா? தமிழகக் கற்கோயில்களில் சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்குவது மரபு. எடையைத் தாங்க அது போதும். எண்ணெயைத் தடுக்கப் போதாது. எவ்வளவு தேய்த்த முகமானாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். சூடேறி இளகிய எண்ணெய் அந்தச் சந்துகளில் நுழைந்து வெளியேறுகிறது. இடையே மெல்லிய தாள் ஒன்றை வைத்து இறுக்கினால், அது நசுங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக்கிங்’ என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த தாள் விறைத்துப்போய் அந்த வேலையைச் செய்யத் தவறுகிறது.

வீட்டிலேயே இதை மாற்றலாம், விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். முதலில் ஒழுகுவது அங்கேதானா என்று பாருங்கள். மூடியைத் துடைத்து முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைச் சற்று ஓட்டினால், முதலில் ஈரமாகும் இடம் தெரிந்துவிடும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எனவே துளி சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு.

எண்ணெயை வடித்துவிட்டு, திருகுகளைக் கழற்றி, ஓர் அட்டையில் மூடியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இராது. மூடி வரவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை இடையில் செருகி நெம்பக்கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். மரச் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் போதும். கேம் சக்கரம் கூடவே வந்துவிட்டால் பதறாதீர்கள். புள்ளிகளைப் பொருத்தி மாட்டலாம். கிராங்க் முனையில் பம்பைச் சுழற்றும் திருகுப் பல் நட்டைத் தொடவே வேண்டாம். அதன் மரை இடப்பக்க மரை. வழக்கம்போல் திருப்பினால் மேலும் இறுகும்.

ஒட்டியிருக்கும் பழைய தாளை மூங்கில் சிம்பால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அடுப்பும் பீடியும் எட்டவே இருக்கட்டும். புதிய தாளில் எண்ணெய் செல்லும் துளைகள் சரியாகத் திறந்திருக்கவேண்டும். மூடியிலிருந்து கிராங்க் தண்டுக்கு எண்ணெய் போகும் வழியில் சிறிய தக்கை வளையம் ஒன்று உண்டு. அதை மறந்து மாட்டினால் வெளியே ஒரு துளிகூடச் சொட்டாது. ஆனால் எண்ணெய் போகவேண்டிய பேரிங்குக்குப் போகாமல் மூடிக்குள்ளேயே வீணாகும். கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கைவிட இந்த ஒழுக்கு ஆபத்தானது!

சிலர் தாளோடு சிலிகான் பசையையும் தாராளமாகப் பூசுகிறார்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுத்தான் கெட்டியாகிறது. சிலவகைப் பசையில் அப்போது வினிகர் வாசனை வரும். அளவு மீறினால் உள்ளே பிதுங்கி, பிய்ந்து, எண்ணெய்த் துளையை அடைக்கும். பூசித்தான் ஆகவேண்டுமென்றால் வெங்காயத் தோல் அளவு போதும் என்பது என் கருத்து.

மூடியைப் பொருத்தும்போது பம்பின் தண்டு திருகுப் பல்லோடு கோத்துக்கொள்ளவேண்டும். முட்டினால் அடிக்காமல், எஞ்சினைச் சிறிது சுழற்றிப் பாருங்கள். பிறகு எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவேண்டும். ஒரே பக்கத்தை முதலில் முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் எஃகுத் திருகு அலுமினிய மரையைத் தின்றுவிடும். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. ஆகவே முதல் ஓட்டத்துக்குப் பின், ஆறியதும் திருகுகளை இன்னொருமுறை சோதிப்பது நல்லது.

புதிய எண்ணெய் ஊற்றும்போது வடிகட்டி அறையையும் நிரப்புங்கள். காலியாக இருந்தால் பம்பு முதலில் காற்றைத்தான் தள்ளும். அன்றிரவு வண்டிக்கடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். வடித்த கழிவெண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். சாக்கடையில் கொட்டினால் அது மழை நீரோடு ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.