பதினாறு பிக்சலில் ஓர் ஐகான்

டெஸ்க்டாப் மென்பொருளின் ஐகான் ஒரே கணினியில் பல அளவுகளில் தோன்றும். கோப்புப் பட்டியலில் 16 பிக்சல், டாஸ்க்பாரில் 24 அல்லது 32, முகப்புத் திரையில் 48, மென்பொருள் அங்காடியில் 128. அடர்த்தி மிகுந்த திரையென்றால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகும். ஐகானை பிஎன்ஜி போன்ற பிக்சல் படமாக வைத்திருந்தால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு படம் தேவை. இல்லாத அளவுக்கு இருப்பதையே இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கிப்போகும். 1984-ல் மெக்கின்டாஷுக்காக வடிவமைப்பாளர் சூசன் கேர் 32-க்கு 32 கட்டங்களில் கறுப்பு வெள்ளையில் ஐகான்களை வரைந்தபோது இந்தத் தலைவலி இருக்கவில்லை. அன்றைய மெக்கின்டாஷில் இருந்தது ஒரே வகைத் திரை.

இந்தத் தலைவலிக்கு ஒரு தீர்வு எஸ்விஜி என்ற வெக்டர் பட வடிவம். அதன் கோப்பில் பிக்சல்களுக்குப் பதில் வரையும் முறை எழுதப்பட்டிருக்கும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001 செப்டம்பரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. கோப்பு முழுவதும் எக்ஸ்எம்எல் உரைதான். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். அஞ்சல் உறை ஒன்றை எடுத்துக்கொண்டால், 48-க்கு 48 பரப்பில் இந்த இடத்தில் தொடங்கி 40 அகலம், 28 உயரம் கொண்ட செவ்வகம், அதன் நிறம், மேல் மூலைகளிலிருந்து நடுவுக்கு இறங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். சில நூறு பைட்டுகளில் முடிந்துவிடும். 256-க்கு 256 பிக்சல் படத்துக்கோ, சுருக்காமல் வைத்தால், 2,62,144 பைட்டுகள் வேண்டும். உறையின் நிறத்தை மாற்றுவதும் ஒரு வரியைத் திருத்தும் வேலைதான்.

இந்தக் கோப்பை நேரடியாகவே ஐகானாக ஏற்றுக்கொள்வதில் லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் முன்னே நிற்கின்றன. மென்பொருளை அறிமுகப்படுத்தும் சிறு கோப்பில் ஐகானின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். பயனர் தேர்ந்தெடுத்த தீமில் கணினி முதலில் அதைத் தேடும். அங்கே இல்லையென்றால் ஹைகலர் என்ற பொதுத் தொகுப்பில் தேடும். அதில் 16, 32, 48 என அளவுவாரியான அடைவுகளோடு, எஸ்விஜி-க்கென்றே ஸ்கேலபிள் என்ற அடைவும் உண்டு. விண்டோஸ், மேக் இரண்டிலும் மென்பொருளின் ஐகான் நெடுங்காலமாகவே பல அளவுப் படங்களை ஒரே கோப்பில் அடுக்கும் ஐகோ, ஐசிஎன்எஸ் வடிவங்களில்தான் இருந்துவருகிறது. அங்கே எஸ்விஜி மூலப்படமாக நின்றுவிடும். தேவையான அளவுகளை அதிலிருந்து உருவாக்கிக்கொள்வார்கள்.

எஸ்விஜி-யைப் படித்து வரைவதற்கு ஒரு நிரல் வேண்டும். எல்லா நிரலும் ஒன்றுபோல வரைவதில்லை. க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அந்த வேலையை லிப்ஆர்எஸ்விஜி செய்கிறது. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ நம்பியிருக்கும் க்யூட் நூலகம் பெரும்பாலும் எஸ்விஜி டைனி எனும் சுருங்கிய பிரிவோடு நின்றுகொள்கிறது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் மங்கல் ஃபில்டர் போட்டு அழகாக வரைந்த நிழல் இன்னோர் இடத்தில் காணாமல் போவது இதனால்தான். எழுத்துக்கும் இதே கதி. ஐகானில் ‘அ’ என்ற எழுத்து இருந்து, பயனரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொரு வடிவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்தை முன்பே பாத் ஆக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றிவிட வேண்டும்.

‘ஒரே கோப்பு, எல்லா அளவுக்கும்’ என்று எஸ்விஜி-க்குச் சொல்லப்படும் பெருமை பாதி உண்மைதான். பெரிதாக்கும்போது அது முழு உண்மை. சிறிதாக்கும்போது கணக்கு மாறிவிடும். 48 அலகுப் பரப்பில் 1 அலகு தடிமனுள்ள கோடு 16 பிக்சலுக்கு இறங்கினால் ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். திரையில் அது சாம்பல் நிறப் பூச்சாகத் தெரியும். கோடு விழும் இடமும் முக்கியம். 16 கட்டப் பரப்பில் 1 பிக்சல் கிடைக்கோட்டை 8 என்ற இடத்தில் வைத்தால், மேலே அரை பிக்சல், கீழே அரை பிக்சல் எனப் பரவி இரண்டு வரிசைகளிலும் மங்கலாகத் தெரியும். 8.5-க்கு நகர்த்தினால் ஒரே வரிசை, அழுத்தமான கறுப்பு. அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் இந்த அரை பிக்சலோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள். திரையை 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பயன்படுத்துகிறவரிடம் போனால் அதே கோடு 1.25 பிக்சலாகி மறுபடியும் மங்கும் (இதற்கு முழுமையான மருந்து கிடையாது).

அதனால் சிறிய அளவுக்குத் தனியே வரைவதுதான் நல்ல வழக்கம். 2005-ல் தொடங்கிய டேங்கோ என்ற ஐகான் திட்டம் சிறிய அளவுகளுக்கான ஐகான்களைத் தனித்தனியாக வரைந்தே தந்தது. க்னோமின் இன்றைய முறையில் மென்பொருளுக்கு 128 பிக்சல் பரப்பில் ஒரு வண்ண ஐகான். அதோடு 16 பிக்சலில் நிழலோ நுணுக்கமோ இல்லாத ஒற்றை நிறக் குறியீடு. பின்னதன் கோப்புப் பெயர் ‘சிம்பாலிக்’ என்று முடிந்தால், டெஸ்க்டாப்பே அதற்கு நிறம் கொடுக்கும்: வெளிர் தீமில் கறுப்பு, இருண்ட தீமில் வெள்ளை. எஸ்விஜி-யின் உண்மையான பலன் அளவைவிட இங்கேதான் அதிகம். கோப்பு உரையாக இருப்பதால் நிறத்தை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஹைக்கூ என்ற சிறிய இயங்குதளம் எஸ்விஜி-யை விட்டுவிட்டுத் தனக்கென ஹெச்விஐஎஃப் என்ற வெக்டர் வடிவத்தை உருவாக்கிக்கொண்டது. அதில் பெரும்பாலான ஐகான்கள் 1 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. எந்த உருவம் எந்த அளவில் தெரியலாம், எதில் மறைய வேண்டும் என்பதையும் அந்தக் கோப்புக்குள்ளேயே குறித்துவிடலாம். லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் அதற்கு இன்னும் இரண்டாவது கோப்பைத்தான் கேட்கின்றன.