ஊசியை விடாத சதை

பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அக்குபங்சர் டிப்ளமோ படித்து ‘ஹீலர்’ ஆகப்போவதாகச் சொல்கிறாள். இதில் அறிவியல் உண்டா? பிழைப்பு உண்டா?”

ஆரோவில்லுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம். ‘மருந்தில்லா மருத்துவம்’ என்று தொடங்கி சர்க்கரை, தைராய்டு, குழந்தையின்மை என்று நீளும் பெயர்ப் பலகைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பட்டியல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தள்ளி வண்டியை நிறுத்துவது என் வழக்கம். ஆனாலும் ஊசி உடம்புக்குள் என்னமோ செய்கிறது. அந்த ‘என்னமோ’ அழகானது.

ஊசியை இறக்கிவிட்டு இரண்டு விரல்களுக்கு நடுவே திருகுவார்கள். சற்று நேரத்தில் உள்ளிருந்து யாரோ ஊசியைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். தசைதான் இறுகுகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாஞ்சவின் குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள். பிடிப்பது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள இணைப்புத் திசு. அதன் கொலாஜன் இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்கின்றன.

பைக்கின் பின்சக்கரத்தில் சேலை முந்தானை சிக்குவதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஓர் ஓரம் ஒட்டுகிறது, அவ்வளவுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்றியதும் துணி தன்மேலேயே படிந்து தன்னையே இறுக்கிக்கொள்கிறது. அடுத்த சுற்றில் இன்னொரு முழம் உள்ளே போகிறது. தள்ளி, தோளில் குத்தியிருக்கும் பின் வரை இழுபடுகிறது. திசுவிலும் அதே கதைதான். ஊசி மெலிதாக இருப்பதால்தான் இழை எளிதில் சுற்றுகிறது. தள்ளியிருக்கும் இழைகளும் இழுபட, அவற்றுக்கிடையே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அரை மணி நேரத்தில் தட்டையாக விரிகின்றன. எலியின் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இது. சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றிய துணி கொஞ்சம் அவிழுமல்லவா? அதையும் அளந்திருக்கிறார்கள். 2001-ல் வெளிவந்த ஆய்வில், 60 ஆரோக்கியமான மனிதர்களின் உடலில் கணினி இயக்கும் கருவி ஊசியைக் குத்தித் திருகியது. பிறகு அதைப் பிடுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தது. திருகாத ஊசியைவிட, இருபுறமும் மாற்றித் திருகிய ஊசிக்கு 52 சதவீதம் கூடுதல் விசை வேண்டியிருந்தது. ஒரே பக்கமாகத் திருகியதற்கு 167 சதவீதம். வண்டிக் கம்பெனிகள் சாரி கார்டு மாட்டித் தருகின்றன. உடம்புக்கு அப்படி எதுவும் மாட்டவில்லை. என்ன, முந்தானை சிக்கியவர் கீழே விழுவார். ஊசி குத்திக்கொண்டவர் கொட்டாவி விடுவார்.

அக்குபங்சர் புள்ளிகளில் பிடி 18 சதவீதம் கூடுதல் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ‘புள்ளிகள் நிரூபணம்!’ என்று குதிப்பவர்கள் சொல்லாமல் விடுவது, சற்றுத் தள்ளிக் குத்தினாலும் திசு பிடிக்கத்தான் செய்கிறது என்பதை.

பெரிய அடி ஜெர்மனியிலிருந்து வந்தது. 2007-ல் வெளியான ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு குழுவுக்கு முறைப்படி ஆழமாகக் குத்தித் திருகினார்கள். இன்னொரு குழுவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலாகக் குத்தித் திருகாமல் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு மருந்து, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். வழக்கமான சிகிச்சையை ஊசி ஜெயித்தது. போலி ஊசியும் ஜெயித்தது. இவ்வளவு நேரம் நான் சிலாகித்த இழைச் சுற்றலுக்கு முதுகுவலியில் பெரிதாக வேலை இருந்ததாகத் தெரியவில்லை. படுக்கவைத்து, தொட்டு, பேசி, திரும்பத் திரும்ப வரவழைத்ததற்கு இருந்திருக்கலாம்.

நம்மூரில் ஊசியே வேண்டாம், விரலால் தொட்டால் போதும் என்போரும் உண்டு. விரலில் இழை சுற்றாது, ஆகவே வெர்மான்ட் ஆய்வு அவர்களுக்குத் துணை வராது. ஜெர்மன் போலி ஊசி வேண்டுமானால் வரும். அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடியாது.

வரலாறு இல்லாமல் விட்டால் கோபிப்பவர்களுக்காக: 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் புகழ்பெற்ற டாக்டர் கோட்னிஸோடு இருந்தவர் டாக்டர் பி.கே. பாசு. 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் இந்த வித்தையைக் கற்று, 1959-ல் கல்கத்தாவில் தொடங்கினார். அதனால்தானோ என்னவோ, மேற்கு வங்காளம் 1996-லேயே அக்குபங்சருக்குத் தனிச் சட்டம் போட்டது.

இனி பிழைப்பு. 2003 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை போட்ட உத்தரவு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக மட்டும் ஏற்றது. பதிவுபெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. ‘தகுந்த’ என்ற சொல்லில்தான் எல்லா டிப்ளமோ வியாபாரமும் வளர்ந்தது. மகள் முதலில் நர்சிங்கோ பிசியோதெரபியோ படிக்கட்டும். ஊசியைப் பிறகு கற்கலாம். நெஞ்சுப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும். மூச்சு வாங்கும் நோயாளியைப் பார்த்ததும் அதை அடையாளம் காண, அக்குபங்சர் பாடத்தின் உயிராற்றல் ஓட்டப் படம் உதவாது. டிப்ளமோ தரும் இடத்தில், உடற்கூறியல் எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள், பயன்படுத்திய ஊசி எங்கே போகிறது என்று கேளுங்கள். “நாங்கள் ஊசியே போடுவதில்லை” என்று பதில் வந்தால், கட்டணம் எதற்கு என்றும் கேட்டுவிடுங்கள்.