வசனக் கணக்குக்குப் பயப்பட வேண்டாம்

"விகிதக் கணக்கு வந்தாலே பிள்ளை கொப்பியை மூடி வைக்குது. எங்களுக்கும் படிப்பில்ல, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?" தாய்மார் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. உண்மையில் இந்தக் கணக்கை நீங்கள் மலையிலும் மடுவத்திலும் தினமும் போடுகிறீர்கள்.

முதலில் பிள்ளையைக் கணக்கை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். எது தந்திருக்கு, எது கேட்டிருக்கு என்று பிரித்து எழுதட்டும். பிறகு "ஒன்றுக்கு எவ்வளவு?" என்று பார்க்க வேண்டும்.

3 பேர் 54 கிலோ கொழுந்து எடுத்தால், அதே அளவில் 5 பேர் எவ்வளவு எடுப்பார்கள்? ஒருவருக்கு 54 ÷ 3 = 18 கிலோ. 5 பேருக்கு 18 × 5 = 90 கிலோ. ஆள் கூடினால் கொழுந்தும் கூடும். இது நேர் விகிதசமன்.

6 பேர் 4 நாளில் கான் வெட்டி முடிக்கிறார்கள். 8 பேர் போனால் எத்தனை நாள்? இங்கே ஆள் கூடினால் நாள் குறையும். மொத்த வேலை 6 × 4 = 24 பேர். 24 ÷ 8 = 3 நாள். இது நேர்மாறு விகிதசமன். பெருக்குவதா வகுப்பதா என்று பார்க்குமுன், "கூடுமா, குறையுமா?" என்று பிள்ளை தன்னையே கேட்க வேண்டும். பிழை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி சம்பளச் சீட்டை எடுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குக் குறைந்தது தொழிலாளி 8 வீதம், தொழில் கொடுப்பவர் 12 வீதம் கட்ட வேண்டும். 8:12 என்பதைச் சுருக்கினால் 2:3. உங்களிடம் 2,400 ரூபா பிடித்திருந்தால், ஒரு பங்கு 1,200. அவர்கள் போட வேண்டியது மூன்று பங்கு, 3,600 ரூபா. இரண்டும் சேர்ந்து 6,000. இதைப் பிள்ளையைக் கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். கணக்குக் கூற்று வந்தால் ஒப்பிட்டும் பாருங்கள். வயதான காலத்துக்கு உள்ள காசு அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு லயத்தில் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு, "கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்" என்று ஒரு பக்கட் ஜீவனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்திருந்தார்கள். நல்ல வேளை, குடிக்கக் கொடுக்குமுன் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பக்கட்டுக்குத் தண்ணீர் 1 லீற்றர், அதாவது 1,000 மில்லிலீற்றர். கிளாஸ் 200 மில்லிலீற்றர். 1,000 ÷ 200 = 5. உப்பு ஐந்து மடங்கு கூடிவிட்டது! அது உடம்பிலுள்ள தண்ணீரை இன்னும் இழுத்து, பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கட்டையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மீதியை ஊற்றிவிடுங்கள்.

இன்று இரவு பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 4½ கிலோ பச்சைக் கொழுந்தில் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். நீங்கள் இன்று எடுத்த கொழுந்தில் எத்தனை கிலோ தூள்? 18 கிலோ என்றால் விடை 4. உங்கள் கொழுந்துக்கு விடையைப் பிள்ளை சொல்லட்டும்.