மங்கிய செம்மஞ்சளில் எழுதிப் பார்த்தால்

செம்மஞ்சளில் எழுதினால் யார் படிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெள்ளைத் தாளில் எழுத்து தெளிவாகத் தெரிய நிறத்தைவிட அடர்த்தியே முக்கியம். பளிச்சென்ற செம்மஞ்சள் மெல்லிய கோடாக ஓடும்போது தாளோடு கரைந்துவிடும். அந்தப் பளிச்சைக் கொஞ்சம் அடக்கினால்தான் அது எழுதும் மை.

பேனா மையில் பெரும்பங்கு தண்ணீர். அதில் கரைந்த சாயங்கள்தான் நிறம் தருகின்றன. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த கலவையில் துளி நீலம் விழுந்தால் நிறம் மங்கும், இன்னும் விழுந்தால் பழுப்பாகும். பழுப்பு என்பதே இருண்ட செம்மஞ்சள்தான். வடிதாளில் ஒரு சொட்டு மை வைத்து, அதன் நடுவில் தண்ணீர் சொட்டினால், கலந்திருக்கும் சாயங்கள் வெவ்வேறு தூரம் நகர்ந்து வளையங்களாகப் பிரிவதைப் பார்க்கலாம். புது மை வாங்கியதும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஜப்பானின் பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய இரோஷிசுகு வரிசையில் ‘யூயாகே’ இப்படி அடங்கிய செம்மஞ்சள். அந்திச் செவ்வானத்தின் பெயர் கொண்டது. 50 மில்லி புட்டியின் அடியில் கடைசித் துளிகள் சேர ஒரு சிறு குழி. விலை பள்ளிக்கூட மையைப்போல் பல மடங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மையை மெல்லிய நிப்பில் மட்டும் எழுதிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை வேறு. அகல நிப்பில் கோடு ஈரமாக விழுகிறது. கை நிற்கும் இடத்தில் மை தேங்கி, காயும்போது அங்கே சாயம் கூடுகிறது. ‘ண’ எழுதினால் சுழிகள் வெளிறியும் கால் முடியுமிடம் செங்கல் நிறத்திலும் நிற்கும். சாதாரண ஜெராக்ஸ் தாள் மையை உடனே உறிஞ்சிவிடுவதால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மறைந்துபோகும். மை ஊறாத வழவழத்த தாள் வேண்டும். அதில் காய நேரமாகும், அவசரக்காரர்கள் கையில் பூசிக்கொள்வார்கள்.

சாய மை தண்ணீர் பட்டால் கலையும், வெயிலில் வெளிறும். பத்திரத்துக்கு வேண்டாம். ஊற்றுமுன் பேனாவை நன்றாகக் கழுவுங்கள். நிப்புக்கு அடியிலுள்ள கட்டையில் பழைய நீலம் ஒட்டியிருந்தால் முதல் பக்கம் முழுவதும் சேறாகத்தான் வரும்.