எல்லா லைட்டும் எரியுது... ஆனா பிரேக்? கேம்பர் இழுத்துக்கொண்டு டூர் கிளம்பும் முன் ஒரு அரை மணி நேர சோதனை!

ஜூன் மாதம் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தவறாமல் பார்க்கக்கூடிய காட்சி இது. முன்னால் ஒரு எஸ்.யூ.வி. அதன் பின்னால், கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் அடங்கிய குட்டி வீடு ஒன்று சக்கரத்தில் உருண்டு வரும். கேம்பர் என்கிறார்கள் அதை.

அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கேம்பர் ரொம்பவே வசதி. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மாவுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கு வேளைக்கு இன்சுலின் போட வேண்டும். கேம்பர் இருந்தால் போகிற இடத்தில் ரசம் வைத்துக்கொள்ளலாம், மருந்தையும் குளிரில் வைத்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் டயரில் காற்று, தொட்டியில் தண்ணீர், சிலிண்டரில் கேஸ், டப்பாவில் அரிசி, பருப்பு என்று எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். ஆனால், காரையும் கேம்பரையும் இணைக்கிற அந்த ஒரு பிளக்கை, செருகியதோடு மறந்துவிடுகிறவர்கள் அதிகம். முன்னால் இருக்கும் ஓட்டுநர் நினைப்பது பின்னால் இருக்கும் கேம்பருக்குப் போய்ச் சேருவது அந்த பிளக் வழியாகத்தான்.

நாலு முனையா, ஏழு முனையா?

அமெரிக்காவில் டிரெய்லர் இணைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தட்டையான 4 முனை கனெக்டர். இதில் இருப்பது லைட்டுகளுக்கான இணைப்பு மட்டும். வழக்கமான வண்ணக் கணக்கு இதுதான்: வெள்ளை எர்த்து, பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடதுபக்க இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும், பச்சை வலதுபக்க இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும். சிறிய படகு, பைக் ஏற்றும் டிரெய்லருக்கு இது போதும்.

இன்னொன்று, வட்டமான 7 முனை கனெக்டர். மேலே சொன்ன நான்கோடு மூன்று வேலைகள் கூடுதல். நீல ஒயர் கேம்பரின் சக்கரங்களில் இருக்கும் மின்சார பிரேக்குக்கு. கறுப்பு ஒயர் கேம்பரின் பேட்டரியை சார்ஜ் செய்ய. நடுவில் இருக்கும் ஏழாவது முனை பெரும்பாலும் ரிவர்ஸ் லைட்டுக்கு.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கேம்பர் பக்கத்து ஒயர்களின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறலாம். பழைய கேம்பராக இருந்தால், முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த ஒயரை வைத்து ஒட்டுப்போட்டிருக்கவும் கூடும். அதனால் நிறத்தை நம்பி இணைக்காமல், பிளக்கில் அந்த முனை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, டெஸ்ட் லாம்ப் அல்லது மல்டிமீட்டர் வைத்து உறுதிசெய்ய வேண்டும்.

ஏமாற்றும் அடாப்டர்

காரில் 4 முனை சாக்கெட்தான் இருக்கிறது, கேம்பரில் 7 முனை பிளக். கடையில் இரண்டையும் இணைக்கும் சிறிய அடாப்டர் கிடைக்கிறது. வாங்கிச் செருகினால் டெயில் லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பளிச்சென்று எரியும். 'வேலை முடிந்தது' என்று தோன்றும்.

ஆபத்து இங்கேதான். காரிலிருந்து வருவது நான்கு ஒயர். அடாப்டர் அதை ஏழாக்க முடியாது. நீல ஒயருக்குரிய முனை காலியாகவே இருக்கும். பிரேக்கை மிதித்தால் கேம்பரின் பிரேக் 'லைட்' எரியும்; பிரேக் பிடிக்காது!

நடுத்தர கேம்பர் ஒன்று, சாமான்களோடு சேர்த்து 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,600 கிலோ இருக்கும். அத்தனை எடையையும் காரின் பிரேக் மட்டுமே தாங்கி நிறுத்த வேண்டும் என்றால், வண்டி நிற்கும் தூரம் கூடும். இறக்கத்தில் காரின் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். திடீரென்று மிதித்தால் பின்னால் இருப்பது காரைத் தள்ளும்.

இதனால்தான் குறிப்பிட்ட எடைக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. பல மாநிலங்களில் அந்த அளவு 3,000 பவுண்டு. டெக்சாஸில் 4,500 பவுண்டு. கலிஃபோர்னியாவில் கேம்பர் வகை டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டு. மாநில எல்லை தாண்டிப் போகிறவர்கள், வழியில் வரும் மாநிலங்களின் விதியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

நீல ஒயர் என்ன செய்கிறது?

கேம்பரின் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மில் ஒட்டப் பார்க்கும். அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் நகர்ந்து பிரேக் ஷூவை விரிக்கும். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சக்கரமென்றால் 6, நான்கு சக்கரமென்றால் 12 ஆம்பியர்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று முடிவுசெய்வது 'பிரேக் கன்ட்ரோலர்'. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்தப்படும் சிறிய பெட்டி இது. கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதே அளவுக்கு கேம்பரையும் பிடிக்கும் ரகத்தை வாங்குவது நல்லது. அதில் கையால் இயக்கும் ஒரு லீவரும் இருக்கும். கேம்பர் இடவலமாக ஆட்டம் போட ஆரம்பித்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, லீவரை மெதுவாக அழுத்த வேண்டும். கேம்பர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

டோ பேக்கேஜோடு வாங்கிய காராக இருந்தால் 7 முனை சாக்கெட்டும், கன்ட்ரோலருக்கான இணைப்பும் பெரும்பாலும் தயாராக இருக்கும். ஆனாலும், சில கார்களில் சார்ஜ் இணைப்புக்கான ஃபியூஸோ ரிலேவோ பொருத்தப்படாமல் வரும். சாக்கெட் இருக்கும், மின்சாரம் வராது. காரின் கையேட்டைப் பார்த்து, ஃபியூஸ் பெட்டியில் அது இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

டோ பேக்கேஜ் இல்லாத காருக்கு, முதலில் அந்த எடையை இழுக்க அனுமதி உண்டா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். உண்டு என்றால் அந்த மாடலுக்கென்றே வரும் ஒயரிங் செட்டை வாங்கிப் போட வேண்டும். டெயில் லைட் ஒயரைச் சீவி நேரடியாக ஒட்டுப்போடுகிற பழைய கைவேலை இப்போதைய கார்களுக்கு ஆகாது. அதில் ஓடும் லைட்டுகளைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். கூடுதல் சுமை ஏறினால் அது பழுதாகும், செலவு எகிறும். இண்டிகேட்டருக்குத் தனி ஆரஞ்சு விளக்கு இருக்கும் கார்களுக்கு, இரண்டு சிக்னலையும் ஒன்றாக்கி அனுப்பும் கன்வெர்ட்டர் பெட்டியும் தேவை.

பிரேக்குக்கு 12 கேஜ், சார்ஜுக்கும் எர்த்துக்கும் 10 கேஜ் ஒயர் என்பது பொதுவான கணக்கு. கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒயருக்கு, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட ஒயர் தென்பட்டால் தொடவே கூடாது. அது பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவது.

எர்த்து சரியில்லையா? எல்லாமே தப்பாகும்!

இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் மங்கலாக மினுக்குகிறது. ஹெட்லைட் போட்டபடி பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்குகிறது. இப்படி வினோதமாக ஏதாவது நடந்தால் பல்பைச் சந்தேகிக்கும் முன் வெள்ளை ஒயரைப் பார்க்க வேண்டும். எல்லா லைட்டுகளுக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் திரும்பும் வழி அதுதான். அது தளர்ந்தால் மின்சாரம் வேறு லைட்டுகளின் வழியாக வழி தேடும்.

எர்த்து ஒயர் சேரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு லக் வைத்து இறுக்க வேண்டும். ஹிட்ச் பந்து வழியாக எர்த்து கிடைக்கும் என்று விட்டுவிடக் கூடாது. அதில் கிரீஸ் இருக்கும், ஓடும்போது அசையும்.

குளிர்காலம் முழுக்க வெளியில் நின்ற கேம்பரின் பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுத்தம்செய்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸை லேசாகத் தடவினால் ஈரம் அண்டாது.

அப்பாவின் இன்சுலினும் கறுப்பு ஒயரும்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யோசெமிட்டி போவது பலர் போடும் திட்டம். யோசெமிட்டி பூங்காவின் கேம்ப் கிரவுண்டுகளில் கேம்பருக்கு மின் இணைப்பு கிடையாது. உள்ளே விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் கேம்பரின் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பதால், ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்பது சாதாரண விஷயமில்லை.

போகிற வழியில் கார் சார்ஜ் செய்துவிடும் என்று முழுக்க நம்ப முடியாது. எஞ்சினிலிருந்து கேம்பர் வரை நீளும் ஒயரில் வோல்டேஜ் குறைந்துவிடும். புதிய கார்களின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வோல்டேஜை அவ்வப்போது தானே குறைத்துக்கொள்ளும். கேஸிலும் ஓடக்கூடிய ரக ஃப்ரிட்ஜ், 12 வோல்ட்டில் ஓடும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வருவதை அதுவே தின்றுவிடும். எனவே முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, ஃப்ரிட்ஜையும் குளிரவைத்துவிட வேண்டும். அடிக்கடி போகிறவர்கள் டி.சி - டி.சி சார்ஜர் பொருத்திக்கொண்டால் வழியிலேயே ஒழுங்காக சார்ஜ் ஆகும்.

சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் கறுப்பு ஒயரில் மின்சாரம் இருக்கும். இரவில் பிளக்கைக் கழற்றாமல் தூங்கினால் காரின் பேட்டரியும் சேர்ந்து இறங்கிவிடும். நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

கழன்றுபோனால்?

ஓடும்போது ஹிட்ச் கழன்று கேம்பர் தனியே போனால் காப்பாற்ற ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. பிரேக்அவே சுவிட்ச் என்பது இதன் பெயர். கம்பியின் ஒரு முனை காரோடு இணைந்திருக்கும். கேம்பர் விலகினால் கம்பி இழுபட்டு சுவிட்சின் பின் கழன்றுவிடும். உடனே கேம்பரின் சொந்த பேட்டரி அதன் பிரேக்கை முழுவேகத்தில் பிடித்துவிடும். இந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ ஹிட்ச் பந்திலோ மாட்டக் கூடாது. சங்கிலிக்குத் துணையாக, காரின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். அந்த பேட்டரி செத்துக் கிடந்தால் சுவிட்ச் இருந்தும் பயனில்லை.

வாசலில் அரை மணி நேரம்

கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையே இதைச் செய்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு.

* பிளக்கைச் செருகி, ஒயரின் நீளத்தைப் பார்க்க வேண்டும். தரையில் உரசக் கூடாது. திருப்பத்தில் இழுபடவும் கூடாது.

* ஒருவர் காருக்குள். பிள்ளைகளும் தாத்தாவும் கேம்பருக்குப் பின்னால் சற்று தள்ளி. டெயில் லைட், இடது, வலது, பிரேக் என ஒவ்வொன்றாகப் போட, பின்னால் இருப்பவர்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

* அடுத்து ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். தனித்தனியே எரியும்போது ஒளிந்திருக்கும் எர்த்து கோளாறு இப்போது வெளிப்படும்.

* கன்ட்ரோலரில், டிரெய்லர் இணைந்திருக்கிறது என்ற குறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

* பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரேக்அவே பின்னை உருவி, காரை மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். கேம்பர் நகர மறுக்க வேண்டும். பார்த்ததும் பின்னைத் திரும்பச் செருகிவிட வேண்டும். தாமதித்தால் பேட்டரி இறங்கும், காந்தம் சூடாகும்.

* பிளக்கை மீண்டும் செருகி, ஆள் இல்லாத தெருவில் நடைவேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் லீவரை மட்டும் அழுத்த வேண்டும். கேம்பர் காரைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். காரில் எதுவுமே தெரியவில்லை என்றால் நீல ஒயர் வேலை செய்யவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டு மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி.

* எல்லாம் சரி என்றால், காலியான பெரிய பார்க்கிங்கில் சுமார் 25 மைல் வேகத்தில் லீவரை அழுத்தி, கேம்பர் சக்கரம் தேய்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்குச் சற்று கீழே கன்ட்ரோலரை செட் செய்ய வேண்டும். தண்ணீர் நிரப்பியோ சாமான் இறக்கியோ எடை மாறினால் மறுபடியும் இதைச் செய்ய வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே போகும் ஐ-5 நெடுஞ்சாலை, 4,000 அடிக்கு மேல் இருக்கும் டெஹோன் கணவாயைத் தாண்டியதும் கிரேப்வைன் சரிவில் பல மைல் தூரம் இறங்குகிறது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு வேக வரம்பு 55 மைல்தான். கியரைக் குறைத்து, வலதுபக்கப் பாதையில் நிதானமாக இறங்க வேண்டிய இடம் அது. நீல ஒயரில் மின்சாரம் வருகிறதா என்பதை அந்தச் சரிவில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. முந்தைய நாள் மாலை, வீட்டு வாசலிலேயே தெரிந்துகொண்டுவிட வேண்டும்.