வயிற்றுப் பெருந்தமனி வெடித்தால்

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர், பல வருடம் சிகரெட் பிடித்தவர், திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வலி முதுகிலிருந்து தொடை இடுக்கு வரை இறங்குகிறது. குப்பென்று வியர்க்கிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. கேஷுவால்ட்டியில் முதலில் எழும் சந்தேகம் பெரும்பாலும் கிட்னி கல். அந்த வயதில், வாழ்க்கையில் முதல்முறையாகக் ‘கல் வலி’ என்றால், பெருந்தமனி வெடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கல்லைப் பற்றிப் பேசவேண்டும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றில் அதன் விட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. சுவர் நைந்த இடம் சைக்கிள் டியூப் போல உப்பி 3 செ.மீ.யைத் தொட்டால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். வயது, ரத்தக்கொதிப்பு, குடும்ப வாகு எல்லாம் காரணம்தான், புகைக்குத்தான் முதலிடம்.

உப்பல் முன்பக்கம் கிழிந்தால் ரத்தம் வயிற்றறைக்குள் கொட்டிவிடும். அவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலையே தொடுவதில்லை. பின்பக்கம் கிழிந்தால், முதுகுப்புறத் திசுக்கள் அணைத்துப் பிடிக்க, ரத்தம் உறைந்து கசிவைக் கொஞ்ச நேரம் தடுத்துவைக்கும். பிழைக்கும் வாய்ப்பெல்லாம் அந்த அவகாசத்துக்குள்தான். இங்கே நல்லெண்ணத்தில் ஒரு தவறு நடப்பதுண்டு: பிரஷர் இறங்கிவிட்டதே என்று பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவது. பிரஷர் ஏறினால் உறைந்த கட்டி பிய்த்துக்கொள்ளும். நோயாளி நினைவோடு பேசுகிறார் என்றால், மேல் அளவு 70 முதல் 90 வரை இருந்தாலே போதும் என்று விட்டுவிடுவதுதான் இன்றைய முறை.

படுக்கையருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்ட் ஓரிரு நிமிடத்தில் உப்பலைக் காட்டிவிடும், கசிவைக் காட்டும் என்று நம்ப முடியாது. அதற்கு சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். எந்த வகை சிகிச்சை பொருந்தும் என்பதையும் அதன் அளவுகள்தான் சொல்லும்.

சிகிச்சை இரண்டு வகை. வயிற்றைத் திறந்து, உப்பலுக்கு மேலே தமனியைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, டேக்ரான் குழாயைத் தைப்பது பழைய வழி. தொடை இடுக்கு வழியாக உறை போட்ட ஸ்டென்ட்டை நுழைத்து உள்ளிருந்தே அடைப்பது மற்றது. வயிற்று அனியூரிசத்துக்கு அதை 1990இல் புவனோஸ் ஐரிஸில் செய்து காட்டியவர் ஹுவான் பரோடி. வெடித்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் இரண்டு வழியிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டும் அதைச் செய்யலாம் என்பது வயதானவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஐன்ஸ்டைனின் உயிரை எடுத்ததும் இதுதான். 1948இல் ருடால்ஃப் நிசன் வயிற்றைத் திறந்தபோது தமனியை மாற்றித் தைக்கும் அறுவை வந்திருக்கவில்லை. சுற்றிலும் தழும்பு கட்டி இறுகட்டும் என்று உப்பலின் மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். அது ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தபோது அறுவை சாத்தியமாகியிருந்தது. ஐன்ஸ்டைன் வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

பெருந்தமனி மட்டுமல்ல, அதன் கிளைகளும் உப்பும். மண்ணீரல் தமனியின் உப்பல் கர்ப்பகாலத்தில் வெடித்தால் தாயும் குழந்தையும் ஆபத்தில். குடியால் கணையம் புண்ணானவர்களுக்கு அக்கம்பக்கத்துத் தமனிகள் அரித்து ரத்தம் கசியலாம். இவற்றைப் பெரும்பாலும் மெல்லிய குழாய் வழியே உலோகச் சுருள் வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். நம்மூரில் அப்படிப்பட்ட திட்டம் இல்லை. வேறு எதற்காவது ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்தால் உண்டு. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. ஆகும்வரை அவ்வப்போது அளந்து வருவார்கள், பிறகு அறுவை. அப்படித் திட்டமிட்டுச் செய்தால் உயிரிழப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.